யார் வீட்டுத் தட்டு?

வில்லியனூரில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் கண்ணாடி அலமாரி. உள்ளே பூப்போட்ட பீங்கான் தட்டுகள். ஆட்டுக்குட்டியை அணைத்தபடி நிற்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண் பொம்மை. நண்பர் ஒரு தட்டைக் கவிழ்த்து முத்திரையைக் காட்டினார்.

"லிமோழ் சரக்கு ஸார்! 'பிரான்ஸ்' என்று நாட்டின் பெயர் போட்டிருக்கிறது, பாருங்கள். 1891-ல் அமெரிக்கச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்த வழக்கம் பரவிற்று. ஆகவே, பெரும்பாலும் அதற்குப் பிந்தியது."

அவருடைய படிப்பை மெச்சினேன். "எங்கே கிடைத்தது?"

"பாகூர்ப் பக்கம் ஒரு பழைய சொல்தா வீடு. அங்கே ஒரு கிழவியிடம் இரண்டு பிளாஸ்டிக் குடம் கொடுத்து வியாபாரி வாங்கினானாம்!" என்று சிரித்தார்.

"யார் வீடு?"

"அது எதற்கு ஸார் நமக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைத்தான் புதுவையில் சொல்தா என்பார்கள். அந்தத் தட்டைக் கொண்டுவந்தவர் சைகோனில் இருந்தாரா, பிரான்சில் இருந்தாரா? அதில் சாப்பிட்டார்களா, விருந்தாளிக்கு மட்டும் எடுத்தார்களா? பொம்மை கொலுப்படியில் செட்டியாருக்குப் பக்கத்தில் நின்றதா? கிழவிக்குத் தெரிந்திருக்கும். கேட்பாரில்லை.

அரிக்கமேடு இங்கிருந்து வெகு தூரமில்லை. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலிய மட்பாண்டத்தின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. எந்த மண்ணடுக்கில், எதனோடு கிடந்தது என்று குறித்துவைத்தார்கள். அதனால் அந்த ஓடுகளைக் கொண்டு நம்மூர்ப் பானைகளுக்கே காலம் சொல்ல முடிந்தது. உடைந்த ஓடு பேசுகிறது; நண்பரின் முழுத் தட்டோ ஊமையாக உட்கார்ந்திருக்கிறது.

"நாங்கள் வாங்காவிட்டால் உடைந்தல்லவா போயிருக்கும்?" என்பார்கள். பாதி உண்மை. தட்டைக் காப்பாற்றினீர்கள், அதன் வீட்டைத் தொலைத்துவிட்டீர்கள். நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் அயல்நாட்டுக்கு அனுப்பக் கூடாதென்று 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கிழவியின் நினைவோடு கரைந்துபோவதை எந்தச் சட்டம் தடுக்கும்?

வாங்குங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. நியாயமான விலை கொடுங்கள். திண்ணையில் அரை நாழிகை உட்கார்ந்து, அவள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு மனமில்லையென்றால் சேகரிக்கிறேன் என்று சொல்லாதீர்கள். சாமான் வாங்குகிறேன் என்று சொல்லுங்கள், போதும்.