வண்டிக்கு ஒரு கண்!

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சென்னை சுமார் 150 கிலோ மீட்டர். மோட்டார் சைக்கிளில் போகும் இளைஞர்கள் வழி நெடுகப் படம் பிடிக்க ஆசைப்படுகிறார்கள்.

ஆசையில் தவறு இல்லை. யாராவது வந்து மோதிவிட்டால், குற்றம் யார் மேல் என்று அந்தப் படம் சொல்லும்.

எந்தக் காமிரா வாங்குவது? பணம் கொடுக்கும் பெற்றோரும் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. கடைக்காரர் "4கே" என்பார். மலிவுக் காமிராக்கள் பல, சிறிய படத்தை இழுத்துப் பெரிதாக்கி அந்தப் பெயரைச் சூட்டிக்கொள்கின்றன. ஏமாற வேண்டாம். உண்மையான 1080 இருந்தால் போதும். குலுக்கத்தை அடக்கும் வசதி உண்டா என்று கேட்க வேண்டும். இல்லாவிட்டால் படம் பார்ப்பவருக்குத் தலை சுற்றும்!

அடுத்தது பாட்டரி. பல சிறு காமிராக்களில் ஒன்றரை மணி நேரம் தாங்கினாலே அதிகம். சென்னைக்கோ மூன்று மணி நேரம். கல்பாக்கம் வருவதற்குள் கண் மூடிவிடும். இன்னொரு பாட்டரிக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

சிலர் ஹெல்மெட் மேல் காமிராவைப் பொருத்துகிறார்கள். இது ஆபத்து. கீழே விழுந்தால், நீட்டிக்கொண்டிருக்கும் காமிராவே தலைக்கு எமனாகலாம். மாகேயைச் சுற்றியுள்ள கேரளத்தில், 2022-ல் போக்குவரத்துத் துறை இதற்குத் தடை போட்டது. ஹாண்டில் பாரில் பொருத்துவதே சரி.

ஹெல்மெட் இல்லாமல் காமிரா மட்டும் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்! ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டின் விலை, காமிரா விலையில் ஒரு சிறு பங்குதான்.