பல் காய்ச்சல் என்றோம்



என் தங்கையின் பேத்திக்கு அப்போது பத்து மாதம். மூன்று நாளாகக் காய்ச்சல், சளியில்லை, இருமலில்லை. "பல்லு முளைக்குது, அதான்" என்று வீட்டில் ஏகமனதாகத் தீர்ப்பானது. அதில் என் கையெழுத்தும் உண்டு. டாக்டர் மட்டும் ஒரு சின்ன பாட்டிலை நீட்டி, "முதல்ல யூரின் பிடிங்க, ஆன்டிபயாட்டிக் அப்புறம்" என்றார்.

பிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. தங்கை குழந்தையைத் தூக்கிப் பிடித்து "ஸ்ஸ்ஸ்..." என்கிறாள். நர்ஸ் குளிர்ந்த நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றைத் தடவுகிறார். பாப்பா எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். கடைசியில் பாதி பாட்டிலுக்கு, பாதி தங்கையின் புடவைக்கு.

கல்ச்சரில் கிருமி. ஸ்கேனில் சந்தேகம். பிறகு டியூப் வழியாக மருந்து செலுத்தி எடுத்த எக்ஸ்ரேயில் விஷயம் தெரிந்தது: சிறுநீர், பையிலிருந்து மேலே திரும்பிப் போகிறது.

சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய், பையின் சுவருக்குள் சாய்வாக நுழைந்து சற்றுத் தூரம் போய்த்தான் திறக்கும். பை நிரம்பினால் சுவரே அதை அழுத்தி மூடிவிடும். சில குழந்தைகளுக்குச் சுவருக்குள் போகும் அந்தத் தூரம் பிறவியிலேயே குறைவு. மூடி சரியாக விழாது. கிருமியோடு சிறுநீர் மேலே ஏறினால் சிறுநீரகம் புண்ணாகலாம், ஆறினாலும் தழும்பு நிற்கலாம். தழும்பான இடம் மறுபடி வேலை செய்யாது. வருடங்கள் கழித்து, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு ரத்தக் கொதிப்பாகவும் அது தலைகாட்டலாம்.

பயமுறுத்த இதை எழுதவில்லை. சிறுநீர் இப்படி மேலே திரும்புவதில் 1 முதல் 5 வரை நிலைகள் உண்டு. முதல் இரண்டும் பெரும்பாலும், குழந்தை வளர வளரக் குழாயின் அந்தப் பகுதியும் நீண்டு, தானே சரியாகிவிடும். பாப்பாவுக்கு 2.

தினமும் கொஞ்சம் ஆன்டிபயாட்டிக் கொடுத்துத் தொற்றைத் தடுக்கலாமே என்று டாக்டரிடம் கேட்டேன். இதையே சோதித்து அமெரிக்காவில் 607 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு 2014இல் வெளியானது. மறுபடி தொற்று வருவது பாதியாகக் குறைந்தது, தழும்பு குறையவில்லை. ஆகவே மருந்து குடிக்கும் குழந்தையானாலும், காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் அன்றைக்கே பாட்டிலைத் தேட வேண்டும். சிகிச்சை தள்ளிப்போனால் தழும்புக்கு வாய்ப்பு கூடும். மலச்சிக்கலையும் கவனியுங்கள், அதுவும் சிறுநீரைத் தேங்க வைக்கும்.

பாப்பாவுக்குப் போன வாரம்தான் முதல் பல் எட்டிப் பார்த்தது. காய்ச்சல் ஒன்றும் வரவில்லை.

அன்புடன்,
ஆசிரியர்