ரத்த அழுத்தம் பார்க்காமல் எழுதாதீர்கள்

2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் கருத்தடைக்காக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. பாதிக்கு மேற்பட்டோர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். அப்படியானால் ஹார்மோன் கருத்தடை மாத்திரையின் பாதுகாப்பைப் பற்றி மருத்துவர்களாகிய நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்று கேட்பவர், நம் ஊர் மருந்துக்கடை ஒன்றில் மாலை நேரத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும். எத்தினில் எஸ்ட்ராடயால் கலந்த மாத்திரை அட்டைகள் அங்கே நாள்தோறும் விற்கின்றன. வாங்குகிறவர்களில் பலர் கல்லூரி மாணவிகள், வேலைக்குப் போகும் இளம்பெண்கள். பி.சி.ஓ.டி., முகப்பரு, முகத்தில் முடி, ஒழுங்கில்லாத மாதவிடாய், அதிக ரத்தப்போக்கு என்று ஏதோ ஒன்றுக்காக நாம் எழுதிக் கொடுத்தது அது. அந்தப் பெண்ணுக்கும் அவருடைய அம்மாவுக்கும் அது ‘பீரியட்ஸ் சரியா வர டாக்டர் கொடுத்த மாத்திரை’. அதில் கருத்தடை ஹார்மோன் இருப்பதை அவர்களிடம் நாம் சொல்லுவதில்லை. சொன்னால் வாங்க மாட்டார்கள் என்ற தயக்கம் நமக்கு.

இந்தத் தயக்கத்தின் விலை பெரியது. கருத்தடை வேண்டும் என்று கேட்டு வரும் பெண்ணுக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு படிவமாவது உண்டு. கிராம சுகாதார செவிலியர் நான்கு கேள்வியாவது கேட்டுவிட்டுத்தான் மாலா-என் அட்டையைத் தருவார். பி.சி.ஓ.டி. என்று வருபவருக்கு ஸ்கேன் எடுக்கிறோம், ஹார்மோன் பரிசோதனைகளுக்குப் பட்டியல் எழுதுகிறோம். கையில் பட்டை சுற்றி ரத்த அழுத்தம் பார்ப்பதில்லை. ஆனால் மாத்திரையைத் தொடங்கும் முன் அவசியம் பார்க்க வேண்டியது அதுதான். மார்பகப் பரிசோதனையோ உள் பரிசோதனையோ ரத்தப் பரிசோதனையோ இல்லாமலே ஆரோக்கியமான பெண்ணுக்கு மாத்திரையைப் பாதுகாப்பாகத் தொடங்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. ரத்த அழுத்தம் 140/90க்கு மேல் இருந்தால், ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த கலவை மாத்திரை பொதுவாக வேண்டாம்; 160/100ஐத் தொட்டால் கூடவே கூடாது.

கருத்தடைக்கல்லாமல் வேறு காரணத்துக்காகச் சாப்பிடும்போது இந்த மாத்திரை சாதுவாகிவிடுவதில்லை. இதற்குச் சான்று மாத்திரையின் முதல் நாட்களிலேயே இருக்கிறது. எனோவிட் என்ற மாத்திரை அமெரிக்காவில் 1957இல் அனுமதி பெற்றது மாதவிடாய்க் கோளாறுகளுக்காக; கருத்தடைக்கான அனுமதி 1960இல்தான் வந்தது. 1961இல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதிப் பொது மருத்துவர் ஜோர்டன், அந்த மாத்திரையைச் சாப்பிட்ட ஒரு செவிலியருக்கு நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்ததை லான்செட் இதழில் எழுதினார். மாத்திரையையும் ரத்தக்கட்டியையும் இணைத்து வந்த முதல் அறிக்கை அது. அந்தச் செவிலியர் மாத்திரை சாப்பிட்டது கருத்தடைக்காக அல்ல, எண்டோமெட்ரியோசிஸுக்காக.

அன்றைய மாத்திரையில் இருந்த ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம். இன்று பெரும்பாலும் 20, 30 அல்லது 35. அபாயம் வெகுவாகக் குறைந்திருக்கிறது, மறைந்துவிடவில்லை. 2013இல் ஐரோப்பிய மருந்து முகமை தந்த கணக்கு இது: மாத்திரை சாப்பிடாத, கர்ப்பமாக இல்லாத 10,000 பெண்களில் ஓராண்டில் 2 பேருக்கு ரத்தக்கட்டி வருகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரெல் கலந்த மாத்திரையில் 5 முதல் 7 பேருக்கு. டிராஸ்பைரினோன், டெசோஜெஸ்ட்ரெல், ஜெஸ்டோடீன் கலந்தவற்றில் 9 முதல் 12 பேருக்கு. கர்ப்பத்திலும் பிரசவத்தை ஒட்டிய வாரங்களிலும் வரும் அபாயம் இவை எல்லாவற்றையும்விட அதிகம். ஆக, பெரும்பாலான பெண்களுக்கு மாத்திரை பாதுகாப்பானதே. எந்த மாத்திரை, யாருக்கு என்பதில்தான் நம் தொழில் இருக்கிறது.

நம் சீட்டுகளில் அதிகம் காணப்படுவது சைப்ரோடிரோனுடன் 35 மைக்ரோகிராம் எத்தினில் எஸ்ட்ராடயால் சேர்ந்த மாத்திரை. பருவும் முடியும் குறையும் என்பதற்காகப் பி.சி.ஓ.டி. என்றாலே கை அதைத்தான் எழுதுகிறது. இதன் ரத்தக்கட்டி அபாயம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் மாத்திரையைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு. பிரான்ஸ் 2013இல் இதன் விற்பனையை நிறுத்திவைத்தது. பிறகு ஐரோப்பிய முகமை, மற்ற சிகிச்சைக்கு அடங்காத பருவுக்கும் மிகையான முடி வளர்ச்சிக்கும் மட்டும் என்று வரம்பு கட்டி அனுமதித்தது. பி.சி.ஓ.டி. (பி.சி.ஓ.எஸ்.) பற்றிய பன்னாட்டு வழிகாட்டியும் இதை முதல் தேர்வாகச் சொல்லவில்லை. 20 அல்லது 30 மைக்ரோகிராம் மாத்திரையால் மாதவிடாய் சீராகும் பெண்ணுக்கு 35ஐயும் சைப்ரோடிரோனையும் கொடுக்க நியாயம் இல்லை. அரசு இலவசமாகத் தரும் மாலா-என், 0.15 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெலும் 30 மைக்ரோகிராம் எத்தினில் எஸ்ட்ராடயாலும் கொண்டது. விலையில்லாதது என்பதால் மட்டமானதல்ல. ரத்தக்கட்டி விஷயத்தில் விலை உயர்ந்த பலவற்றைவிட அதுவே மேல்.

இன்னொரு வழக்கத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘மூன்று மாதம் போடு, மூன்று மாதம் விட்டுப் பார், வராவிட்டால் மறுபடி போடு’ என்று பி.சி.ஓ.டி. பெண்களுக்குச் சொல்லி அனுப்புகிறோம். உடம்புக்கு ஓய்வு தருகிறோம் என்று நினைப்பு. ரத்தக்கட்டி அபாயம் மிக அதிகமாக இருப்பது மாத்திரை தொடங்கிய முதல் ஆண்டில், அதிலும் முதல் சில மாதங்களில். நான்கு வாரமோ அதற்கு மேலோ விட்டுத் தொடங்கினால் அந்த ஆரம்பக் கால அபாயம் திரும்ப வருகிறது. விட்டு விட்டுக் கொடுப்பதால் அந்தப் பெண் திரும்பத் திரும்ப மிக ஆபத்தான மாதங்களிலேயே நிற்கிறார். தேவை என்றால் தொடர்ந்து கொடுங்கள். தேவை இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

அடுத்தது மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை. கோயில் திருவிழா, கிரகப்பிரவேசம், கல்யாணம், உம்ரா பயணம், தேர்வு என்று காரணங்கள் பல. அந்த விருப்பம் அவருடையது. அதைக் குறைசொல்ல நமக்கு வேலை இல்லை. ஆனால் சீட்டே இல்லாமல் மருந்துக்கடையில் கைமாறும் நோரெதிஸ்டிரோன் 5 மில்லிகிராம், மூன்று வேளை சாப்பிடும்போது என்ன செய்கிறது என்பது நம்மில் பலருக்கே நினைவில் இருப்பதில்லை. அது வெறும் புரோஜெஸ்டின் அல்ல. அதில் ஒரு பகுதி உடலுக்குள் எத்தினில் எஸ்ட்ராடயாலாக மாறுகிறது. நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் என்பது, 20 முதல் 30 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் உள்ள கலவை மாத்திரைக்குச் சமம். ஆகவே கலவை மாத்திரை கூடாத பெண்ணுக்கு இதுவும் கூடாது. விரதத்தில் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், நீண்ட பேருந்து அல்லது விமானப் பயணமும் சேர்ந்தால் நிலைமை மோசமாகும். நோன்பு மாதத்தில் மாத்திரையும் நோன்புமாக இருந்த பெண்களுக்கு மூளைச் சிரைகளில் ரத்தம் உறைந்ததை ஈரானின் இஸ்ஃபஹான் நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். தள்ளிப்போட்டே ஆக வேண்டும், அபாயக் காரணமும் இருக்கிறது என்றால், ஈஸ்ட்ரோஜனாக மாறாத மெட்ராக்சிப்ரொஜெஸ்டிரோனை யோசிக்கலாம். மருந்தாளுநர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இது: அட்டையை எடுக்கும் முன், ‘கால் வீங்கி, ரத்தம் கட்டி ஆஸ்பத்திரிக்குப் போனதுண்டா? பி.பி. இருக்கிறதா? ஒற்றைத் தலைவலி வருமா?’ என்று கேளுங்கள். ஒன்றுக்கு ஆம் என்றாலும் மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள்.

மேலைநாட்டுப் பாடநூல்களில் முதல் கேள்வி புகைப்பழக்கம் பற்றியது. நம் பெண்களில் புகைப்பவர்கள் மிகக் குறைவு. அந்தக் கேள்விக்கு ‘இல்லை’ என்று டிக் போட்டதும் கடமை முடிந்தது போல் தோன்றிவிடுகிறது. நாம் முதலில் கேட்க வேண்டியவை வேறு. சிறு வயதில் மூட்டுவலிக் காய்ச்சல் வந்து இதய வால்வு பாதித்ததா. மாதாமாதம் பென்சிலின் ஊசி போட்டதுண்டா. மஞ்சள் காமாலை சமீபத்தில் வந்ததா. அம்மா, அக்கா யாருக்காவது இளவயதில் ரத்தக்கட்டி வந்ததா. திரும்பத் திரும்பக் கரு கலைந்ததா. கடைசிக் கேள்வி லூபஸையும் ஆன்டிஃபாஸ்போலிப்பிட் நோயையும் காட்டிக் கொடுக்கக்கூடும்.

ஒற்றைத் தலைவலியைப் பற்றி மட்டும் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஆராவுடன் வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கு எந்த வயதிலும் கலவை மாத்திரை கூடாது. பக்கவாத அபாயம் அந்த அளவு கூடுகிறது. ‘ஆரா உண்டா?’ என்று கேட்டால் யாருக்கும் புரியாது. ‘தலைவலி வருவதற்கு முன்னால் கண்முன் வளைந்து வளைந்து ஏதாவது மின்னுமா? ஒரு பக்கப் பார்வை மறையுமா? கையோ உதடோ மரத்துப்போகுமா? பேச்சு குழறுமா? எவ்வளவு நேரம்?’ என்று கேட்க வேண்டும். சில நிமிடங்களில் மெல்லக் கூடி, ஒரு மணி நேரத்துக்குள் அடங்கினால் அது ஆரா. தலைவலியின்போது வெளிச்சம் கூசுவதும் கண் மங்குவதும் ஆரா அல்ல. அதை ஆரா என்று எண்ணி, மாத்திரையால் பயன்பெறக்கூடிய பெண்ணைத் திருப்பி அனுப்புவதும் தவறு. மாத்திரை தொடங்கிய பிறகு இப்படிப்பட்ட தலைவலி புதிதாக வந்தால் அன்றே நிறுத்த வேண்டும்.

அந்தப் பெண் சாப்பிடும் மற்ற மருந்துகளையும் கேட்க வேண்டும். காசநோய்ப் பிரிவும் குடும்பநலப் பிரிவும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன; பதிவேடுகள்தான் ஒன்றையொன்று பார்ப்பதில்லை. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடும் பெண்ணிடம் கருத்தடை மாத்திரை வேலை செய்யாமல் போகலாம். ஆறு மாதச் சிகிச்சை முடிந்த பிறகும் நான்கு வாரம் அந்தத் தாக்கம் நீடிக்கும். அவருக்குக் காப்பர்-டியோ, அந்தரா என்ற கருத்தடை ஊசியோ ஏற்றது. வலிப்பு மருந்துகளில் ஃபெனிட்டாயினும் கார்பமாஸெபைனும் இதையே செய்கின்றன. அவை கருவையும் பாதிக்கக்கூடியவை என்பதால் மாத்திரை தோற்றுப்போனால் கேடு இரண்டு மடங்கு. லாமோட்ரிஜினில் நடப்பது நேர்மாறு: மாத்திரை அந்த மருந்தின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடுகிறது, அடங்கியிருந்த வலிப்பு மீண்டும் வருகிறது. வழக்கமான ஆன்டிபயாட்டிக்குகளால் மாத்திரை கெடும் என்ற பழைய எச்சரிக்கையை இனி கைவிடலாம்.

தாய்ப்பால் கொடுப்பவருக்கு ஆறு மாதம் வரை கலவை மாத்திரை வேண்டாம். முதல் ஆறு வாரத்தில் கண்டிப்பாகக் கூடாது. தாய்வீட்டிலிருந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குத் திரும்பும் பெண்ணுக்குக் காப்பர்-டி, அந்தரா, ஹார்மோன் இல்லாத சாயா என்று வழிகள் இருக்கின்றன. சாயா முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. நாள்தோறும் போடும் மாத்திரையோடு அதைக் குழப்பிக்கொள்ளாதபடி கிழமையை அட்டையிலேயே எழுதிக் கொடுங்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு மாத்திரையே வேண்டாம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. 1995 அக்டோபரில் பிரிட்டனில் சில மாத்திரைகளால் ரத்தக்கட்டி அபாயம் இரண்டு மடங்கு என்று அவசரக் கடிதம் போயிற்று. மிகச் சிறிய எண்ணிக்கை இரண்டு மடங்கானாலும் சிறியதே என்பதை யாரும் விளக்கவில்லை. பயந்த பெண்கள் அட்டையைப் பாதியில் விட்டார்கள்; அடுத்த ஆண்டில் வேண்டாத கர்ப்பங்களும் கருக்கலைப்புகளும் கூடின. நம்மிடமும் அத்தகைய பயம் உண்டு. பின்னால் குழந்தை பிறக்காது என்கிறார்கள். பிறக்கும், நிறுத்திய சில மாதங்களில் கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும். புற்றுநோய் வரும் என்கிறார்கள். சினைப்பை, கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்கள் குறைகின்றன, அந்தப் பாதுகாப்பு நிறுத்திய பிறகும் பல்லாண்டு நீடிக்கிறது. மார்பகப் புற்றுநோய் சற்றே கூடுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: 2017இல் வந்த டென்மார்க் ஆய்வின்படி, ஆண்டுக்குச் சுமார் 7,690 பெண்களில் கூடுதலாக ஒருவர்.

மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது இரண்டு விஷயங்களை அவருடைய சொற்களிலேயே சொல்லுங்கள். ஒன்று, மறந்தால் என்ன செய்வது: ஒன்று மறந்தால் நினைவு வந்ததும் போட்டுவிட்டுத் தொடரலாம். இரண்டோ அதற்கு மேலோ மறந்தால், ஒன்றை உடனே போட்டுத் தொடர வேண்டும். ஏழு நாள் தொடர்ந்து ஹார்மோன் மாத்திரை சாப்பிடும் வரை ஆணுறை வேண்டும். மறந்தது மூன்றாம் வாரமானால் கடைசி ஏழு இரும்புச்சத்து மாத்திரைகளை விட்டுவிட்டு நேராகப் புது அட்டைக்குப் போகலாம். இரண்டு, எப்போது ஓடிவர வேண்டும்: ஒரு கெண்டைக்காலில் மட்டும் வலியும் வீக்கமும், திடீரென்று மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, இதுவரை வராத கடுந்தலைவலி, பார்வைக் குறைவு, கடும் வயிற்றுவலி. கால் வலியை நம் வீடுகளில் ‘நரம்பு இழுத்துக்கிச்சு’ என்று எண்ணெய் தேய்த்து நீவிவிடுவார்கள். ரத்தக்கட்டி உள்ள காலை நீவக் கூடாது என்பதை அம்மாவிடமும் பாட்டியிடமும் சேர்த்தே சொல்லி அனுப்ப வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவில் ‘என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?’ என்ற கேள்விக்கு, ‘பீரியட்ஸ் மாத்திரை’ என்று சொல்லாமல் அந்தப் பெண் அட்டையை எடுத்துக் காட்ட வேண்டும். அதற்கு, அதில் என்ன இருக்கிறது என்று முதலில் நாம் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த இதழைப் படிக்கும் ஒவ்வொரு மருத்துவரிடமும் நாம் கேட்பது இதுதான். எந்தக் காரணத்துக்காக எழுதினாலும், எத்தினில் எஸ்ட்ராடயால் உள்ள மாத்திரைச் சீட்டின் மேல் அன்றைய ரத்த அழுத்தத்தையும், எத்தனை மாதம் என்பதையும், திரும்ப வர வேண்டிய தேதியையும் எழுதுங்கள். மருந்தாளுநர்களே, இந்த மூன்றும் இல்லாத சீட்டு வந்தால் எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேளுங்கள்.