கல்நார்த் தூசியும் கைவிடக் கூடாத காகிதமும்

மும்பையில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேயாத குடிசைப்பகுதி அரிது. வெயிலுக்கும் மழைக்கும் மலிவான கூரை என்று ஏழைக்குக் கைகொடுத்தது அது. ஆனால் அந்தத் தகட்டை ஆலையில் வார்த்தவர், அறுத்தவர், துளையிட்டவர், பழைய கொதிகலன் குழாய்களில் சுற்றிய கல்நாரைப் பிய்த்தெடுத்தவர் ஆகியோரின் நெஞ்சுக்குள் போனது என்ன என்று கேட்பார் குறைவு.

கல்நார் இழை கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணியது. மூக்கில் கட்டும் கைக்குட்டை அதைத் தடுக்காது. நுரையீரலில் தங்கும் இழை மெல்லத் தழும்பை உண்டாக்கி மூச்சை இறுக்குகிறது. நுரையீரல் உறையைப் பற்றும் புற்றுநோயோ 20, 30, 40 ஆண்டுகள் கழித்துக்கூடத் தலைகாட்டும். எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. தூசி படிந்த சட்டையைத் துவைக்கும் மனைவிக்கும் ஆபத்து உண்டு.

இங்கேதான் வெளியூர்த் தொழிலாளியின் அவலம் தொடங்குகிறது. வேலையை விட்டு ஊர் திரும்பியவருக்கு வயதான காலத்தில் இருமல் வருகிறது. காசநோய் என்று மருந்து கொடுக்கிறார்கள். "என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று எவரும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்வதற்குச் சான்று இல்லை.

1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதற்கு வழி சொன்னது. கல்நார்த் தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்தது முதல் 40 ஆண்டுகள் அல்லது வேலை நீங்கிய பின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்றது. பாதிக்கப்பட்டவருக்கு ரூ.1 லட்சம் இழப்பீடும் விதித்தது. ஆனால் ஒப்பந்தக்காரரிடம் தினக்கூலிக்குப் போனவரின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது?

ஆகவே சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. அட்டை, எக்ஸ்ரே படம் எதையும் குப்பையில் போடலாகாது. அலுவலகங்களில் எழுத்து வேலை பார்க்கும் தமிழர்கள், எழுதப் படிக்கத் தெரியாத சகோதரர்களுக்கு இந்தக் காகிதங்களைத் திரட்டிக் கொடுப்பது பெருந்தொண்டாகும். தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவோடு இதையும் ஒரு கடமையாகக் கொள்ளலாம்.

50-க்கும் மேற்பட்ட நாடுகள் கல்நாரைத் தடை செய்துவிட்டன. இந்தியாவோ இன்னும் கப்பல் கப்பலாக இறக்குமதி செய்கிறது. மாற்றுப் பொருள்கள் இருக்கையில் இந்தத் தயக்கம் ஏன்? மலிவான கூரைக்கு விலையாகத் தொழிலாளியின் மூச்சைக் கேட்பது எந்த நியாயம்? அரசு இனியும் தாமதிக்கலாகாது.