சம்மன் வந்த வீட்டுக்கு யார் வழி சொல்வது?

நீதிமன்றத்திலிருந்து சம்மன் ஒன்று வந்து சேர்ந்துவிட்டால், ரவாங்கிலும் செரண்டாவிலும் பத்து ஆராங்கிலும் வாழும் நம்மவர் வீடுகள் பலவற்றில் அது படிக்கப்படுவதற்கு முன்னரே பயத்தை விளைவித்து, அந்தப் பயத்தினாலேயே அலமாரியில் துணிகளுக்கு அடியில் பத்திரமாக வைக்கப்பட்டு, தவணை நாள் கடந்த பின்னர்தான் வெளியே எடுக்கப்படுகிறது. அதற்குள் வராதவருக்கு எதிராக ஒருதலைத் தீர்ப்பு பதிவாகிவிடுகிறது. அடுத்து வருவது ஜப்தி. கடனில் பெரும்பகுதி முன்பே கட்டப்பட்டுவிட்டது என்றோ, கையொப்பமே தம்முடையதன்று என்றோ அந்தக் குடும்பத்தார் எடுத்துரைத்திருக்கக்கூடிய நியாயம் எதுவும் நியாயாதிபதியின் செவிக்கு எட்டுவதே இல்லை. ஏழை மக்கள் வழக்கில் தோற்பதற்குச் சட்டத்தின் கடுமையைக் காரணமாகச் சொல்வது நமக்குப் பழக்கமாகிவிட்டது. என் அபிப்பிராயத்தில், அவர்களிற் பலர் தோற்பது நடைமுறையை எடுத்துச் சொல்ல ஓர் ஆள் இல்லாமையினாலேதான்.

முன்பு அப்படி ஓர் ஆள் இருந்தார். தோட்டத்திற்கு ஒரு கிராணி உண்டு; அரசாங்கக் கடிதம் வந்தால் படித்துச் சொல்வதும், பிறப்புப் பத்திரத்திற்கு மனு எழுதிக் கொடுப்பதும், எந்த ஆபீசுக்கு எந்தக் காகிதத்தோடு போகவேண்டும் என்று விளக்குவதும் அவரிடமே விடப்பட்டிருந்தன. கிராணிமார் எல்லோரும் கருணாமூர்த்திகள் என்று சொல்வதற்கில்லை. தம் கையிலிருந்த எழுத்தறிவைக் கொண்டு அதிகாரம் செலுத்தியவர்களும் இருந்தார்கள். ஆயினும் கேட்பதற்கு ஒரு முகம் இருந்தது. இந்த ரவாங்கில் சீனத் தொழிலதிபர் லோக் இயூவுடன் சேர்ந்து 1894-ஆம் ஆண்டிலேயே ஈயச் சுரங்க வேலைக்கு மின்சாரத்தைக் கொண்டுவந்த தம்புசாமிப் பிள்ளை அவர்களும், ஆதியில் சிங்கப்பூரில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவரே என்பதை இங்கே நினைவுகூரலாம். சட்டத்தின் பாஷையை அறிந்தவருக்கு அக்காலத்தில் எத்தனை கதவுகள் திறந்தன என்பதற்கு அவரது வாழ்வு ஒரு சாட்சி. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்பு நிலங்களாயின; தொழிலாளர் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தனர்; கிராணியின் ஆபீசும் தோட்டத்தோடு மறைந்தது. அவர் செய்த அந்த ஒரு காரியத்தை ஏற்றுக்கொள்ள இன்றுவரை எவரும் நியமிக்கப்படவில்லை.

இதில் மனத்தை வருத்தும் விஷயம், எளியவருக்கென்றே அமைக்கப்பட்ட வழிகள் நம் நாட்டுச் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கின்றன என்பதுதான். 2012-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகளில் 93-ஆவது கட்டளை சிறு தொகை வழக்குகளைப் பற்றியது. 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத தொகையைக் கோரும் சாமானியர் ஒருவர், வழக்கறிஞர் இன்றித் தாமே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குச் சென்று, 198-ஆம் எண் படிவத்தைப் பூர்த்தி செய்து வழக்குத் தொடரலாம். எதிர்த்தரப்பினர் 199-ஆம் எண் படிவத்தில் 14 நாட்களுக்குள் மறுப்பைத் தாக்கல் செய்யவேண்டும். செல்வமுள்ள தரப்பு வழக்கறிஞரை முன்னிறுத்தி ஏழையை மிரட்டுவதற்கு இடமின்றி, இத்தகைய வழக்கில் வழக்கறிஞர்கள் ஆஜராவதையே விதி பொதுவாகத் தடுக்கிறது. படிவத்தில் வழக்காளி கையெழுத்திடலாம், அல்லது கைநாட்டு வைக்கலாம் என்று அந்த விதியை வகுத்தவர்கள் சேர்த்திருப்பதைக் காணும்போது, எழுதத் தெரியாத ஒருவரும் தமது நியாயத்தைக் கேட்டு இந்த வாசலுக்கு வரக்கூடும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள் என்றே கொள்ளவேண்டியிருக்கிறது. காவல் வேலை செய்யும் ஒருவர் வீட்டைக் காலி செய்த பிறகு, வீட்டுக்காரர் இரண்டு மாத வைப்புத் தொகையைத் திருப்பித் தர மறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்காகவே இயற்றப்பட்டதுபோல் இருக்கிறது அந்தக் கட்டளை. ஆனால் அதைப் பற்றி அவரிடம் சொன்னவர் யார்? ‘லாயர் வைத்தால் வருகிற காசைவிடப் போகிற காசு அதிகம்’ என்று அக்கம்பக்கத்தார் சொன்னதையே அவர் கேட்டிருப்பார். அதைக் கேட்டு, போனது போகட்டும் என்று விட்டிருப்பார்.

எந்தக் குறைக்கு எந்த வாசல் என்பதும் நம்மவர்க்குத் தெளிவாக இல்லை. பழுதான குளிர்பதனப் பெட்டியை விற்றுவிட்டு ஏமாற்றும் கடைக்காரர்மீது முறையிடப் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது; அங்கே கட்டணம் 5 ரிங்கிட், கோரக்கூடிய தொகை 50,000 ரிங்கிட் வரை. சம்பளப் பாக்கிக்குத் தொழிலாளர் இலாகா. தகப்பனார் உயில் எழுதாமல் காலமாகி, அவர் பெயரில் வீடு மட்டும் நிற்குமானால், நம்மில் பலர் உயர் நீதிமன்றத்தையும் வழக்கறிஞர் கட்டணத்தையும் நினைத்து ஆண்டுக்கணக்கில் பெயர் மாற்றாமலே வாழ்கிறார்கள். அத்தகைய சொத்தின் பங்கீட்டை 1955-ஆம் ஆண்டுச் சிறு மரபுரிமைச் சொத்துச் சட்டத்தின்கீழ் நில இலாகாவைச் சேர்ந்த ‘புசாக்கா கெச்சில்’ பிரிவிலேயே முடித்துக்கொள்ளலாம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தால், பேரப்பிள்ளைகள் காலத்தில் வரும் கலகங்களிற் பாதி தோன்றவே தோன்றாது.

பணம் சம்பந்தப்பட்ட விவகாரத்தில் அறியாமை நஷ்டத்தைத் தரும். கைது சம்பந்தப்பட்ட விவகாரத்தில் அது ஒரு மனிதனின் சுதந்திரத்தையே பாதிக்கிறது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும் என்பது கூட்டரசு அரசியல் சாசனத்தின் 5-ஆவது பிரிவு தரும் பாதுகாப்பு. கைதுக்கான காரணத்தை அறிந்துகொள்ளவும், உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ளவும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு உரிமை அளிக்கிறது. தடுப்புக் காவல் விசாரணையிலேயே வறியவருக்குத் துணை நிற்க, தேசியச் சட்ட உதவி அறநிறுவனத்தின் வழக்கறிஞர்கள் 2012 முதல் பணியாற்றி வருகிறார்கள். இத்தனையும் இருந்தும், மகன் பிடிபட்ட செய்தி கேட்டுப் போலீஸ் நிலையத்துக்கு ஓடிவரும் தாய், விசாரணை எங்கே, எத்தனை மணிக்கு, யாரைக் கேட்கவேண்டும் என்று தெரியாமல் வாசலில் நிற்கிறாள். ‘ஜாமீன் நான் எடுத்துத் தருகிறேன்’ என்று அவளிடம் முதலில் வந்து பேசுகிறவன் தரகனாக இருப்பது, நாம் அந்த இடத்தை அவனுக்கு விட்டுக்கொடுத்ததன் விளைவு.

நீதிமன்ற நடவடிக்கைகள் தேசிய மொழியில் நடைபெறவேண்டும் என்பது தேசிய மொழிச் சட்டத்தின் விதி. அதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. மலாய் அறியாத சாட்சிக்கும் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் மொழிபெயர்ப்பாளர் உண்டு. தமிழ் மொழிபெயர்ப்பாளர்களின் சேவை தலைமுறை தலைமுறையாகப் போற்றத்தக்கதாக இருந்துவருகிறது. ஆனால் அந்த மொழிபெயர்ப்பாளரை ஒருவர் சந்திப்பது கூண்டில் ஏறிய பிறகுதான். கூண்டுக்கு வருவதற்கு முன், முகப்பிடத்தில் படிவம் கேட்கும் வேளையில், சம்மனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கும் வேளையில், அவருக்கு மொழித்துணை இல்லை. பிள்ளைகள் மலாய் படித்தவர்கள்தாமே, அவர்கள் சொல்லமாட்டார்களா என்று கேட்கலாம். பள்ளியில் கற்ற மலாய் வேறு, வழக்குப் பத்திரத்தின் மலாய் வேறு. பதினேழு வயதுப் பிள்ளை தன் தகப்பனாரின் கடன் வழக்கை விளக்கும்படி நிறுத்தப்படுவது, அந்தப் பிள்ளைக்கும் நியாயமன்று, தகப்பனாருக்கும் மானமன்று. மனுத்தாக்கலும் விசாரணையும் இணையத்துக்கு மாறிவரும் இந்நாளில், கைப்பேசியில் ஒரு பொத்தானைத் தவறி அழுத்திவிடுவோமோ என்ற அச்சமும் பழைய அச்சங்களோடு சேர்ந்துகொண்டது.

நீதிமன்ற உத்தியோகஸ்தர் ஒரு தரப்பினருக்கு ஆலோசனை கூறலாகாது என்பது முற்றிலும் சரி. நடுநிலை கெட்டால் நீதிமன்றமே கெட்டது. ஆயினும், ‘உன் வழக்கு ஜெயிக்குமா?’ என்ற கேள்விக்கு விடை சொல்லாதிருப்பதற்கும், ‘எந்தப் படிவம், எத்தனை பிரதி, எந்த நாளுக்குள்?’ என்ற கேள்விக்கு விடை சொல்லாதிருப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. பின்னதைச் சொல்வதால் எவருக்கும் பக்கபாதம் ஏற்படாது. எதிர்த்தரப்பினர் வந்து கேட்டாலும் உத்தியோகஸ்தர் அதே விடையைத்தான் சொல்லப்போகிறார்.

மக்கள் வரமுடியாத இடத்துக்கு நீதிமன்றமே செல்லலாம் என்பதைச் சபாவும் சரவாக்கும் 2007 முதல் நடமாடும் நீதிமன்றங்களின் மூலம் நிரூபித்திருக்கின்றன. அங்கே மலையும் ஆறும் தடை. ரவாங்கில் சாலை இருக்கிறது. கோம்பாக் மாவட்டத்தாரின் வழக்குகள் நடைபெறும் செலாயாங் நீதிமன்றம் தொலைதூரத்திலும் இல்லை. ஆகவே இங்கே நீதிபதியை அழைத்துவர வேண்டியதில்லை. விஷயத்தைச் சொல்லக்கூடிய ஒருவர் வந்தால் போதும். எளியவருக்கான ஏற்பாடுகள் பிற இடங்களிலும் உண்டு. தமிழ்நாட்டில் 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் மக்கள் நீதிமன்றங்களைக் கூட்டுகின்றன. சிங்கப்பூரின் சிறு கோரிக்கைத் தீர்ப்பாயங்கள் 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரையிலும், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரையிலும் விசாரிக்கின்றன. வாடகை வைப்புத் தொகையே ஐயாயிரத்தைத் தொடும் இக்காலத்தில், நம் 5,000 ரிங்கிட் வரம்பு உயர்த்தப்படவேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எனினும், இருக்கின்ற வழியையே அறியாதவர்க்கு வரம்பை உயர்த்துவது மட்டும் உதவாது.

நான் கேட்பது பெரிய காரியமன்று. 198-ஆம் படிவத்தை நிரப்பும் முறை, சம்மன் வந்தால் செய்யவேண்டியவை, கைதானவரின் உரிமைகள், இவற்றை எளிய தமிழில் விளக்கும் துண்டுப் பிரசுரங்களை நீதித்துறையே வெளியிட்டு, தபால் நிலையத்திலும் சுகாதார நிலையத்திலும் கோயில் மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளியிலும் கிடைக்கச் செய்யவேண்டும். மின்னல் எஃப்எம் வானொலி வாரத்துக்கு ஒரு நடைமுறையை எடுத்துக்கொண்டு நிதானமாக விளக்கலாம். பணி ஓய்வு பெற்ற தமிழ் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்கள் இம்மாவட்டத்திலேயே இருக்கக்கூடும். வாழ்நாள் முழுதும் பிறர் வாக்கைப் பிசகாமல் மாற்றிச் சொல்லிப் பழகிய அவர்களைவிட, வரம்பு மீறாமல் வழி சொல்வதற்குத் தகுந்தவர் எவர்? அவர்களுக்கு ஒரு சிறு ஊதியமும், ரவாங் நகரில் வாரம் ஒரு முற்பகல் அமர்வதற்கு ஒரு மேசையும் தந்தால், இப்பணியைத் தொடங்கிவிடலாம். இதற்குப் புதிய சட்டம் எதுவும் நாடாளுமன்றத்தில் நிறைவேறவேண்டிய அவசியமில்லை. கூட்டரசு நீதிமன்றத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் மனம் வைத்தால் நிர்வாக உத்தரவின் மூலமே செய்யத்தக்கது என்று எண்ணுகிறேன். கேட்கவேண்டியவர்கள் நம் சட்டமன்ற உறுப்பினர்களும் சமூக இயக்கங்களும். எழுத்து மூலமாக, இந்த ஆண்டிலேயே கேட்கவேண்டும்.