எதிர்வீட்டில் முதலில் கேட்ட கூச்சல்

2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு. கத்தாரின் லுசைல் மைதானத்தில் அர்ஜென்டினாவும் பிரான்சும் உலகக் கோப்பைக்காக மோதிக்கொண்டிருந்தன. எங்கள் மொட்டை மாடியில் ஐந்து பேர், ஒரே ஒரு கைப்பேசி. தண்ணீர்ச் செம்பின் மேல் அதைச் சாய்த்து வைத்துச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். எதிர்வீட்டில் டிஷ் இணைப்புள்ள டிவி. தெருவில் பாதிப் பேர் அந்தக் கூடத்தில்தான் இருந்தார்கள்.

ஆட்டம் 3-3. கூடுதல் நேரமும் முடியப்போகிறது. எங்கள் திரையில் பந்து இன்னும் நடு மைதானத்தைத் தாண்டவில்லை. திடீரென்று எதிர்வீட்டிலிருந்து "ஐயோ!" என்று ஒரு கூச்சல். அது அடங்குவதற்குள் பெருமூச்சும் கைதட்டலும். எங்களில் யாரும் வாய் திறக்கவில்லை. ஏதோ நடந்துவிட்டது, ஆனால் கோல் விழவில்லை என்பது மட்டும் புரிந்தது. அரை நிமிடம் போல் கழித்துத்தான் பிரான்சின் கோலோ முவானி கோல்கீப்பருக்கு நேராக நின்று பந்தை உதைப்பதும், அர்ஜென்டினா கோல்கீப்பர் மார்ட்டினெஸ் இடது காலை நீட்டி அதைத் தடுப்பதும் எங்கள் திரைக்கு வந்தன. ஆயுளுக்கும் மறக்க முடியாத அந்தத் தடுப்பை, முடிவு தெரிந்த பிறகு பார்த்தோம்.

ஆனாலும் அன்று எங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. வீட்டில் டிவியே இல்லாத பையனும் எங்களோடு உட்கார்ந்து உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தைப் பார்த்தான். அந்த நன்றியும் அந்த ஏமாற்றமும் இன்றுவரை எனக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் கால்பந்தை நேரலையில் காட்டத் தொடங்கியபின், உலகெங்கும் ரசிகர்களின் மனம் இப்படித்தான் இரண்டுபட்டுக் கிடக்கிறது. இதைப் பழைய பழக்கத்தை விட மாட்டாதவர்களின் முணுமுணுப்பு என்று தள்ளிவிடக் கூடாது. கால்பந்தைக் கூடிப் பார்ப்பது ஒரு பொதுச் சொத்து. அதைக் காக்கும் கடமை நிறுவனம், லீக், அரசு, ரசிகர் என நால்வருக்கும் உண்டு.

மூன்றாவது கடை

இந்த இரட்டை மனத்தைப் புரிந்துகொள்ள இங்கிலாந்தைப் பார்க்க வேண்டும். 1992இல் பிரீமியர் லீக் தொடங்கியபோது ஐந்து பருவங்களுக்கான நேரலை உரிமை ஸ்கை தொலைக்காட்சிக்குப் போனது. ஒப்பந்தத்தின் மதிப்பு 30.4 கோடி பவுண்டு. அதுவரை வீட்டு ஆன்டெனாவில் வந்துகொண்டிருந்த முதல்தர லீக் ஆட்டம், அன்றுமுதல் டிஷ்ஷும் சந்தாவும் உள்ளவர்களுக்கு மட்டும் என்றாயிற்று. 2006இல் ஐரோப்பிய ஆணையம் தலையிட்டு, எல்லா ஆட்டங்களையும் ஒரே நிறுவனம் வாங்கிக்கொள்ளும் நிலையை மாற்றியது. போட்டி வந்தால் ரசிகருக்கு நன்மை என்பது நோக்கம்.

நோக்கம் நல்லதுதான், நடந்தது வேறு. சந்தையில் இரண்டு கடைகளில் கத்தரிக்காய் இருந்தால் விலை இறங்கும். இங்கே இல்லாவிட்டால் அங்கே வாங்கிக்கொள்ளலாம். கால்பந்தில் இந்தக் கடையில் இருக்கும் ஆட்டம் அந்தக் கடையில் கிடையாது. தன் அணியின் ஆட்டங்களைத் தவறவிட விரும்பாதவர் இரண்டு கடைகளிலும் காசு கொடுக்க வேண்டியதாயிற்று.

2019 டிசம்பரில் மூன்றாவது கடையாக அமேசான் வந்தது. பருவத்துக்கு 20 ஆட்டங்கள். வந்த வேகத்தில் அது செய்தவற்றில் சிலவற்றை ரசிகர்கள் மனமார வரவேற்றார்கள். ஒரு சுற்றின் பத்து ஆட்டங்களையும் ஒன்றுவிடாமல் காட்டியது. டிவி நிறுவனங்கள் பெரிய அணிகளையே திரும்பத் திரும்பக் காட்டும் நாட்டில், பர்ன்லி ரசிகருக்கும் போர்ன்மவுத் ரசிகருக்கும் அவரவர் ஆட்டம் கிடைத்தது. ஆண்டுக் கணக்கில் கட்டிப்போடும் ஒப்பந்தம் இல்லை. முதல் மாதம் இலவசம், பிடிக்காவிட்டால் விலகலாம். வர்ணனையை நிறுத்திவிட்டு மைதானத்துப் பாட்டையும் இரைச்சலையும் மட்டும் கேட்கும் வசதியும் இருந்தது.

ஆனால் கடையின் கணக்கு வேறு. அமேசானுக்குப் பந்து பிரதான வியாபாரம் கிடையாது. ஆட்டங்கள் வந்தது டிசம்பரில், கிறிஸ்துமஸ் கொள்முதல் உச்சத்தில் இருக்கும் மாதத்தில். ஆட்டம் பார்க்கச் சேர்ந்தவர் அப்படியே பொருளும் வாங்குவார். ஆறு பருவங்கள் கழித்து, 2025 முதல் நான்கு பருவங்களுக்கான 670 கோடி பவுண்டு ஒப்பந்தத்தில் நேரலை உரிமை ஸ்கைக்கும் டிஎன்டி ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்கும் மட்டுமே. அமேசான் இல்லை.

நமக்கும் இதே அனுபவம் உண்டு. 2018 ஆகஸ்ட்டில் ஃபேஸ்புக் நிறுவனம் ஸ்பெயினின் லா லீகா உரிமையை இந்தியத் துணைக்கண்டத்துக்கு வாங்கியது. இந்தியா, இலங்கை உள்பட எட்டு நாடுகள், பருவத்துக்கு 380 ஆட்டங்கள், மூன்று பருவங்களுக்கு ஒப்பந்தம், பார்ப்பவருக்குக் கட்டணம் இல்லை. நள்ளிரவில் போர்வைக்குள் கைப்பேசி வெளிச்சத்தில் பார்சிலோனாவையும் ரியல் மாட்ரிட்டையும் பார்த்த கல்லூரிப் பிள்ளைகள் சென்னையிலும் இருந்தார்கள், யாழ்ப்பாணத்திலும் இருந்தார்கள். ஒப்பந்தம் முடிந்தது, 2021இல் உரிமை வேறு கைக்குப் போனது. வந்தவர் கொடுத்தார், கணக்கு முடிந்ததும் போனார். பழகிப்போன ரசிகர்தான் அடுத்த கடை எது என்று தேடி அலைந்தார்.

ஏன் தாமதம்?

எதிர்வீட்டுக் கூச்சலுக்கு வருவோம். செயற்கைக்கோள் ஒளிபரப்பு மழை போன்றது. ஒரு முறை பொழிந்தால் எத்தனை குடம் வைத்தாலும் நிறையும். கூடுதலாக ஒரு வீட்டில் டிவி போட்டால் ஒளிபரப்பியவருக்குக் கூடுதல் சுமை இல்லை. இணைய நேரலை அப்படி அல்ல. பார்க்கும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குழாயில் தண்ணீர் விடுவது போல. காட்சியைச் சில நொடித் துண்டுகளாக நறுக்கி, சர்வர்களில் ஏற்றி, அங்கிருந்து ஒவ்வொரு கைப்பேசிக்கும் அனுப்புகிறார்கள். நடுவில் அறுந்துவிடாமல் இருக்க, கைப்பேசியும் சில துண்டுகளை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட்டுகிறது. இத்தனையும் சேர்ந்து சில நொடிகள் முதல் அரை நிமிடம் வரை, சில வேளை அதற்கு மேலும், ஆட்டம் பின்தங்கிவிடுகிறது. லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே நுழையும் ஆட்டத்தில்தான் திரையில் வட்டம் சுற்றத் தொடங்குகிறது.

திரைப்படத்துக்கு அரை நிமிடத் தாமதம் ஒரு பொருட்டே இல்லை. கால்பந்துக்கு நொடிதான் உயிர்நாடி. தொண்ணூறு நிமிடக் காத்திருப்பு ஒரு நொடியில் வெடிக்கும் ஆட்டம் இது. அந்த நொடியில் நம்மோடு ஊரும் சேர்ந்து கத்துகிறது என்பதுதான் அதன் சுவை. வாட்ஸ்அப்பில் "கோல்!" என்று செய்தி வந்தபின் வரும் கோல், ஆறிப்போன காபி. ஆளுக்கொரு திரை, திரைக்கொரு நேரம் என்றானால், ஒரே ஆட்டத்தைப் பார்த்தும் நாம் தனித்தனியே இருப்போம்.

நான்கு கைகள்

முதலில் நிறுவனங்கள். உரிமையை வாங்கியவர், அந்த ஆட்டத்தைச் சுற்றியுள்ள கூட்டத்துக்கான பொறுப்பையும் சேர்த்தே வாங்கியிருக்கிறார். தங்கள் நேரலை எத்தனை நொடி பின்தங்குகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லட்டும். பணம் வாங்கிவிட்டு ஆட்டம் தடைப்பட்டால், கேட்காமலே பணம் திரும்பி வரட்டும். சேர ஒரு பொத்தான் போதும் என்றால் விலகவும் ஒரு பொத்தான் போதும். ஒரே ஒரு ஆட்டத்துக்குக் காசு கட்டிப் பார்க்கும் வழி வேண்டும். மாதம் முழுக்கச் சந்தா கட்ட முடியாதவருக்கும் தன் அணியின் இறுதி ஆட்டம் முக்கியம்தான்.

அடுத்து லீக்குகளும் சம்மேளனங்களும். அதிக விலை கேட்டவருக்கு விற்றுவிட்டு ஒதுங்குவது பொறுப்பான செயல் ஆகாது. ஒவ்வொரு பருவத்திலும் சில ஆட்டங்களேனும் எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்க ஒப்பந்தத்திலேயே இடம் வைக்கலாம். முடியாத காரியம் இல்லை. 2025இல் ஃபிஃபாவின் கிளப் உலகக் கோப்பையின் 63 ஆட்டங்களையும் டாசோன் என்ற இணைய நேரலை நிறுவனம் இலவசமாகக் காட்டியது. தன் மைதானங்களைக் காப்பதற்கு இங்கிலாந்து செய்திருப்பதையும் கவனிக்க வேண்டும். சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை அங்கே கால்பந்து நேரலை கிடையாது. 1960களில் தொடங்கிய இந்தக் கட்டுப்பாட்டின் நோக்கம், மக்கள் வீட்டில் உட்கார்ந்துவிடாமல் தங்கள் ஊரின் சிறிய அணிக்கும் டிக்கெட் வாங்கிப் போகவேண்டும் என்பது. அந்த நேரத்து ஆட்டத்தைச் சென்னையில் இருப்பவர் நேரலையில் பார்க்கலாம், மான்செஸ்டரில் இருப்பவர் வீட்டிலிருந்து பார்க்க முடியாது. இதைப் பழமை என்று அங்கேயே பலர் வாதாடுகிறார்கள். ஆனால் பணம் வரும் வழியை விளையாட்டின் நலனுக்காகக் கொஞ்சம் அடைத்து வைக்கலாம் என்பதற்கு அது அறுபது ஆண்டுச் சான்று.

மூன்றாவது அரசு. பிரிட்டனின் 1996 ஒளிபரப்புச் சட்டம் உலகக் கோப்பை, ஐரோப்பியக் கோப்பை, எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் போன்றவற்றைப் பட்டியலிட்டு, அவற்றைச் சந்தாச் சுவருக்குள் மட்டும் பூட்டிவிடாமல் காக்கிறது. 2024இல் வந்த ஊடகச் சட்டம் இந்தக் காவலை இணைய நேரலைக்கும் நீட்டியது. இந்தியாவிலும் அடித்தளம் இருக்கிறது. கிரிக்கெட் ஒளிபரப்பு வழக்கொன்றில் 1995இல் உச்ச நீதிமன்றம், வான்அலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. 2007இல் வந்த சட்டம், தேச முக்கியத்துவம் வாய்ந்த ஆட்டங்களின் நேரலையைப் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்று விதித்தது. அதற்கு டிவி விளம்பர வருமானத்தில் 75:25 என்று பங்கும் வகுத்தது. ஆனால் அது கேபிளையும் டிடிஎச்சையும் மனதில் வைத்து எழுதிய சட்டம். ஆட்டம் இணையத்துக்குக் குடிபெயரும் காலத்தில் சட்டமும் கூடவே நடக்க வேண்டும். இல்லாவிட்டால், பொதுச் சொத்து என்ற சொல் தீர்ப்பில் மட்டும் மிஞ்சும்.

நம் பங்கு

நான்காவது நாம். இதைச் சொல்லத் தயங்கினால் முன்சொன்ன மூன்றும் வெறும் குறைகூறலாகிவிடும்.

சந்தா கூடிவிட்டது என்று சொல்லித் திருட்டு இணைப்பைத் தேடுகிறோம். டெலிகிராமில் வரும் லிங்க்கை நாலு பேருக்கு அனுப்புவதை உதவி என்று நினைக்கிறோம். அந்தத் தொழிலுக்குப் பின்னால் இருப்பவர்கள் ஏழை ரசிகர்கள் இல்லை. 2023இல் இங்கிலாந்தில் பிரீமியர் லீக் ஆட்டங்களைத் திருட்டுத்தனமாக விற்ற கும்பலில் ஐந்து பேருக்கு மொத்தம் 30 ஆண்டுகளுக்கும் மேல் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அப்படிப் போகும் காசில் ஒரு ரூபாய்கூடப் பந்துக்கோ ஆட்டக்காரருக்கோ போவதில்லை. நியாயமான விலை கேட்பது நம் உரிமை. நியாயமான விலையில் கிடைத்தால் கொடுப்பது நம் கடமை.

கேட்டால் கிடைக்குமா என்ற சந்தேகம் வரும். ஜெர்மனியைப் பாருங்கள். அங்குள்ள லீக் நிர்வாகம், 20 ஆண்டு ஊடக வருமானத்தில் ஒரு பங்கை முதலீட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கத் திட்டமிட்டது. ரசிகர்கள் வாரா வாரம் மைதானத்துக்குள் டென்னிஸ் பந்துகளை வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். 2024 பிப்ரவரியில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. சட்டையை விற்பவரும் சந்தாவை விற்பவரும் யாரை நம்பி இருக்கிறார்கள் என்பதை அந்தப் பந்துகள் நினைவூட்டின. வீசித்தான் ஆகவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தனித்தனியாகப் புலம்பாமல் ஒன்றாகக் கேட்டார்கள் என்பதே அதில் நமக்கான பாடம்.

இன்னொன்று. பிரீமியர் லீக்கின் இருபது அணிகளையும் மனப்பாடமாகச் சொல்லும் நம்மில் எத்தனை பேர், இந்த ஆண்டு நம் ஊர் மைதானத்தில் ஒரு கால்பந்து ஆட்டத்தைப் பார்த்தோம்? நமக்கு இங்கே சனிக்கிழமைக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. அதை நமக்கு நாமே போட்டுக்கொள்ளலாம். மாதத்தில் ஒரு மாலை கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு உள்ளூர் லீக் ஆட்டத்துக்குப் போகலாம். அங்கே தாமதம் கிடையாது. பந்து வலையைத் தொடும் சத்தம் காதுக்கே கேட்கும்.

அந்த டிசம்பர் இரவின் மீதியைச் சொல்லி முடிக்கிறேன். கூடுதல் நேரம் முடிந்து பெனால்டிக்கு ஆட்டக்காரர்கள் வரிசைகட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கைப்பேசியை அணைத்துவிட்டு, மாடியிறங்கி, தெருவைத் தாண்டி எதிர்வீட்டு வாசலில் நின்றோம். கூடத்தில் கால்வைக்க இடமில்லை. "உள்ளே வாங்க தம்பி, நிக்காதீங்க" என்றார் வீட்டு அம்மா. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்திருக்கவில்லை, ஆளுக்கு ஒரு சாண் நகர்ந்தார்கள். ஐந்து பேருக்கும் இடம் கிடைத்துவிட்டது. அர்ஜென்டினாவின் மோன்டியெல் உதைத்த கடைசிப் பந்து வலைக்குள் போன நொடியில் அந்தக் கூடம் முழுக்க ஒரே குரல்தான் இருந்தது.

நிறுவனத்தையும் லீக்கையும் அரசையும் ரசிகரையும் கேட்பது அவ்வளவுதான். யாரும் தன் இடத்தை விட்டுக்கொடுத்து எழ வேண்டாம். ஆளுக்கு ஒரு சாண் நகர வேண்டும்.