பரங்கிமலை நிறுத்தம்
தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்ரயில் பரங்கிமலையில் நிற்கும்போதெல்லாம் அந்தப் பெயர் என்னைச் சீண்டும். மேலை நாகரிகம் கிரேக்கத்தில் பிறந்து கோடு பிசகாமல் லண்டன் போய்ச் சேர்ந்ததுபோல் பலர் பேசுகிறார்கள்; 'பரங்கி' என்ற சொல் வந்த வழியோ அப்படி நேரானதல்ல. ரோமானியர் காட்டுமிராண்டிகள் என்று இளக்காரமாகப் பார்த்த ஜெர்மானியக் குடிகளில் ஒன்றான பிராங்குகளிடமிருந்துதான் அது தொடங்குகிறது. சிலுவைப்போர்க் காலத்தில் அரபிகள் மேற்கு ஐரோப்பியர் எல்லாரையும் அந்தப் பெயரால் அழைத்தார்கள். பாரசீகம் வழியாக வந்து, நம் வாயில் அது போர்ச்சுகீசியரைக் குறிக்கும் 'பரங்கி' ஆயிற்று. பரங்கிக்காயும் இப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான், காயின் பூர்வீகம் அமெரிக்கா என்றாலும். மலைமேல் இன்னும் வேடிக்கை: 1547இல் அங்கே கிடைத்த கற்சிலுவையைச் சுற்றிப் பொறித்திருப்பது லத்தீன் அல்ல, பஹ்லவி. மேற்கிலிருந்து மதத்தைக் கொண்டுவந்ததாக நினைத்த பரங்கிகள், தங்களுக்குப் பல நூற்றாண்டுகள் முந்தைய அந்தப் பாரசீக எழுத்தை வாசிக்கத் தெரியாமல் விழித்திருப்பார்கள்.